மிஸ் எழுதிய பின்பக்கங்கள்

கறையான் புற்றை விரலால் சுட்டிக்காட்டியபடி ஒரு பெரிய மனிதர் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் டைப் செய்து ஒட்டிய துண்டுக் கடதாசி, 'அகழ்வுப் பணிப்பாளர் பண்டைய குடியிருப்பின் கிழக்கு எல்லையைக் காட்டுகிறார்' என்று சொல்லும். படத்தைக் கழற்றித் திருப்பினால், பென்சிலில், எறும்பு வரிசை போன்ற எழுத்தில், தமிழில் இப்படி இருக்கும்: 'விரல் பெரியவருடையது. அவர் காட்டுவது கறையான் புற்று. இன்னும் இரண்டு நாளைக்கு இதைத்தான் வெட்டுவார்கள்.'

பின்பக்கத்தை எழுதியவர் மிஸ். முன்பக்கத்துத் துண்டுக் கடதாசியை டைப் செய்தவரும் அவர்தான்.

நான் அந்த அகழ்வில் ஜீப் ஓட்டினேன். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவன். பழைய ஊர், பழைய பானை என்றால் எனக்கு அன்றும் இன்றும் பெரிய மரியாதை கிடையாது. உடைந்த பானையை எங்கள் உம்மா வீசத்தான் சொல்லித் தந்தார். ஆனால் கலேவெலவுக்கும் தம்புள்ளைக்கும் நடுவே, பெரிய வீதியிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு குளக்கட்டின் பின்னால், உடைந்த பானையைத் தூரிகையால் துடைத்துப் பஞ்சில் வைத்துக் கட்டுகிற ஒரு கூட்டம் கூடாரம் அடித்திருந்தது. தினமும் காலையில் மாத்தளையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்குவதும், அந்தி சாய முன்னே திருப்பிக் கொண்டுவருவதும் என் வேலை. போர் நடந்துகொண்டிருந்த காலம்.

மிஸ்ஸுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். யாழ்ப்பாணத்துக்காரி. அரசாங்க வேலையில் மாற்றலாகி வந்து மாத்தளையில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தார். வெயில், புழுதி, சேறு எதுவானாலும் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. கையில் ஒரு கறுப்புக் குடை. கொண்டையில் செருகிய பென்சில். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் இங்கேயும் மிஸ் மிஸ்ஸாகவே இருக்கட்டும்.

கண்டெடுத்த பொருட்களைப் பதிவேட்டில் எழுதுவது, கடிதம் டைப் செய்வது, கொழும்பில் கழுவி அனுப்புகிற படங்களை அல்பத்தில் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. படம் எடுக்கும்போது குழிக்குள் இறங்கிக் குடை பிடிப்பதும் அவர்தான். வெயில் ஒரு பக்கமாக விழுந்தால் மண்ணின் நிறம் சரியாக வராதாம். ஆகவே அந்த நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றில்கூட மிஸ்ஸின் முகம் கிடையாது. நிழல் இருக்கும். சிலதில் ஒரு கை இருக்கும்.

வாயால் அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பெரியவர் ஏதாவது அபிப்பிராயம் கேட்டால், அழகான சிங்களத்தில், "எனக்கு என்ன தெரியும் சேர், நான் கிளாக்கர்தானே" என்பார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். பெரியவருக்கு அந்தப் பணிவு மிகவும் பிடிக்கும். பிறகு படங்கள் வரும். கொண்டையிலிருந்து பென்சில் இறங்கும்.

பெரியவர் கெட்டவர் இல்லை. படித்தவர், பாடுபடுகிறவர், தமிழ் மட்டும் வாசிக்கத் தெரியாது. தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் எங்களோடுதான் நிற்பார். ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துக் கண்ணை மூடி, இது இன்ன காலத்து மண் என்று சொல்கிற வழக்கம் அவருக்கு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அதை வியந்து படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படத்தின் பின்பக்கம்: 'பெரியவர் சுவை பார்க்கிறார். போன கிழமை வரை இது மாடு கட்டிய இடம்.'

இந்தப் பின்பக்க விவகாரம் எனக்குத் தெரியவந்தது அந்தப் படத்தால்தான்.

ஒருநாள் காலை தம்புள்ளைக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் ஜீப்பை மறித்தார்கள். முன்னால் என் பக்கத்தில் பெரியவர். பின்னால் மிஸ், மடியில் புதிதாக வந்த படக் கட்டு. ஒரு ஆமிக்காரன் கட்டைப் பிரித்தான். குழிகளாகவே இருந்த படங்களைச் சந்தேகத்தோடு பார்த்தவன், ஒன்றைத் திருப்பினான்.

"இது என்ன எழுத்து?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"தமிழ்," என்றார் மிஸ்.

"அது தெரிகிறது. என்ன எழுதியிருக்கு?"

அவன் நீட்டிய படத்தைத் திரும்பிப் பார்த்தேன். மாடு கட்டிய இடம் பற்றிய வரி எனக்கு நன்றாகத் தெரிந்தது. மிஸ் வாயைத் திறந்துவிட்டார். கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்லத்தான் போகிறார் என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"வடக்குப் பக்கம்ண்டு எழுதியிருக்கு மாத்தயா."

அந்தக் காலத்தில் ஆமிக்காரனிடம் போய், அதுவும் தமிழ் எழுத்தைக் காட்டி, 'வடக்கு' என்று சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். முக்கால் மணி நேரம் ரோட்டோரத்தில் நின்றோம். முப்பது படங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பி என்னை வாசிக்கச் சொன்னார்கள். கிழக்கு என்றேன், மேற்கு என்றேன், தெற்கு என்றேன். நாலு திசையும் தீர்ந்துபோனபின் தென்மேற்கு, வடகிழக்கு என்று போனேன். உண்மையில் என் கண்முன்னே இருந்தவையோ வேறு. ஒன்றில், குழிக்குள் ஓர் உருவம் மல்லாந்து கிடந்தது. 'எலும்புக்கூடு அல்ல. பல்கலைக்கழக மாணவன். பகல் சாப்பாட்டுக்குப் பின்.' அதைச் சிரிக்காமல் 'தென்கிழக்கு' என்று வாசிக்க நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இன்னொன்றில் நானே இருந்தேன். ஜீப்புக்குக் கீழே என் கால்கள் மட்டும் தெரிந்தன. 'டிரைவர் பழுது பார்க்கிறார். ஜீப்பில் பழுது எதுவும் இல்லை.'

கடைசியில் பெரியவர் மேலிடத்து அனுமதிக் கடிதம் ஒன்றைக் காட்டி எங்களை மீட்டார். பின்னேரம் அவரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு மாத்தளைக்குத் திரும்பும்போது மிஸ் கேட்டார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களை, அண்ணன் என்ற பொருளில், 'நானா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"நானா, ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"பின்ன என்ன மிஸ் சொல்ல? மாடு கட்டின எடத்த நக்குறாருண்டு சொல்லவா? மனுசன் எனக்குப் பக்கத்துலதானே இருந்தாரு!"

"நான் எழுதினதிலை பொய் ஒண்டும் இல்லை."

"அது தெரியும் மிஸ். அதாலதான் எனக்குப் பயம். யாரு வாசிக்கிறதுக்கு இதெல்லாம் எழுதுறீங்க?"

"ஆரும் வாசிக்கட்டும், வாசிக்காமல் விடட்டும். முன்னுக்கு சேர் சொன்னதை ரைப் அடிக்கிறன். பின்னுக்கு நான் கண்டதை எழுதிறன்." பிறகு, "கெதியா எடுங்கோ நானா. ஏழு மணி எண்டால் வீட்டுக்காரி கேற்றைப் பூட்டிப்போடுவா" என்றார்.

நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. நான் அவரைக் காப்பாற்றியதாக அவர் நினைக்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு புதுக் கட்டு வரும்போதெல்லாம் நானும் திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்ப்பேன். எல்லாம் வசை இல்லை. 'மழை விட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பின் எடுத்தது, மண்ணின் நிறம் இதைவிட வெளிறல்' என்று இருக்கும். 'அளவுகோல் சரிந்து நிற்கிறது, நம்பவேண்டாம்' என்று இருக்கும். ஒரு படத்தில் கருகிய கல் மூன்று. முன்பக்கம் 'அடுப்பு' என்றது. பின்பக்கம்: 'பார்வதி இது அடுப்பில்லை என்கிறாள். இந்தப் பக்கம் வாய் வைத்தால் காற்றுக்குப் புகையெல்லாம் வீட்டுக்குள் வரும், எந்தப் பொம்பிளையும் இப்படி வைக்கமாட்டாள் என்கிறாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.'

பார்வதியக்கா நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கோ தோட்டத்து ஆள். காலையில் நாலந்தா சந்தியில் ஜீப்பில் ஏறுவார். வெட்டி எடுத்த மண்ணைச் சல்லடையில் அரிப்பது அவர் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சல்லடையில் தங்குகிற ஒரு பொடிக் கல்லைப் பார்த்தே இது சும்மா கல், இது உடைந்த பானை, இது இரும்புக் கழிவு என்று பிரித்துவிடுவார். மிஸ் சல்லடைக்குப் பக்கத்தில் குடையோடு நின்று அவரிடம் கதை கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் மிஸ் பணிந்து பேசிய ஒரே ஆள் பார்வதியக்காதான் என்று எனக்குத் தோன்றும். பெரியவரிடம் காட்டியது வேறு சாமான்.

ஒரு அமைச்சர் பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. வருகைக்கு முதல் நாள், குளக்கட்டுப் பக்கத்துக் குழியின் மண்ணை அரித்துக்கொண்டிருந்த பார்வதியக்கா சத்தம் போட்டார்.

"மிஸ்! ஓடியாங்க, பாசிமணி!"

இரத்தச் சிவப்பில் கல்மணிகள். பார்வதியக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தர, மிஸ் பதிவேட்டில் எழுதினார். மொத்தம் ஒன்பது.

மறுநாள் அமைச்சர் வருவதற்குச் சற்று முன் பெரியவர் அங்குமிங்கும் நடந்தார். அமைச்சருக்குக் காட்ட ஒரு தாழி இருந்தது. பெரிய மண்தாழி, ஒரு கிழமைக்கு முன்னால் வேறொரு குழியில் கிடைத்தது. உள்ளே மண்ணைத் தவிர எதுவும் இல்லை. வெறும் தாழியைக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. மணிகளைப் பதிவேட்டு மேசையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார். முழங்காலில் நின்று, தாழியின் வாயில், மண்ணின் மேலே, ஒவ்வொன்றாக வைத்தார். மிஸ் குடை பிடித்தார். படம்பிடிப்பவர் மூன்று படம் எடுத்தார். நான் மேலே நின்று இளநீர் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அமைச்சர் வந்தார். தாழியை எட்டிப் பார்த்து, "தங்கம் இல்லையா?" என்று கேட்டார். இளநீர் குடித்தார். போய்விட்டார். அந்த வார இறுதிப் பத்திரிகையில் 'மணிகள் நிறைந்த தாழி' என்று படத்தோடு வந்தது. பண்டைய வியாபாரி ஒருவரின் வீடு என்றும் எழுதியிருந்தார்கள். பெரியவர் அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போதே அவர் முகம் மலர்ந்து, தாழிக்குள் மணிகள் உண்மையாகவே இருந்தது போல ஆகிவிட்டது.

ஆனால் அமைச்சர் போன அன்று பின்னேரம் மணிகளை எடுத்து வைத்தபோது எட்டுத்தான் இருந்தன.

தாழியைச் சுற்றிக் கடைசியாகத் துப்புரவு செய்தவர் பார்வதியக்கா. பெரியவர் அதிகம் கத்தவில்லை. பொலிசுக்குப் போகமாட்டேன், ஏழைப் பெண், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்றார். தான் பெருந்தன்மையாக நடந்துகொள்வதாகவே நம்பினார். பார்வதியக்கா சேலைத் தலைப்பை உதறிக் காட்டினார், வெற்றிலைப் பையைக் கவிழ்த்துக் காட்டினார். மற்றவர்கள் வேலை முடிக்கும் முன்னே அவரை மட்டும் கொண்டுபோய் விடச் சொன்னார்கள்; ஜீப்பில் ஏறிக்கொண்டார். நாலந்தா சந்தியில் நிறுத்தினேன். இறங்கியபின் கேட்டார்.

"நான் எடுத்தேன்னு நீங்களும் நெனக்கிறீங்களா நானா?"

"இல்லக்கா," என்றேன். வண்டியில் வேறு யாரும் இல்லாததால் அதைச் சொல்வது சுலபமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜீப்பைக் கழுவினேன். முன் இருக்கையின் இடுக்கில், பெரியவர் உட்கார்கிற பக்கம், ஈர விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஒன்பதாவது மணி. அவர் குனிந்து ஏறும்போது சட்டைப்பையிலிருந்து விழுந்திருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தேன். டிரைவர் கையில் மணி என்றால் டிரைவர்தான் எடுத்தான் என்று ஆகும். கொண்டுபோய் மிஸ்ஸிடம் கொடுத்தேன்.

"வாங்கோ, சேரிட்டைப் போவம்," என்றார் உடனே.

"நீங்க குடுத்துடுங்க மிஸ். நான் எடுத்தேண்டு சொல்லாதீங்க."

"ஏன்?"

"மூணு புள்ளைங்க மிஸ். வேலயும் தற்காலிகம்தான்."

"கதைக்கிறது நான். நீங்கள் பக்கத்திலை நிண்டால் போதும்."

"ஒயில் மாத்தணும்," என்றேன். போய் ஜீப்புக்குக் கீழே படுத்துக்கொண்டேன்.

அங்கே படுத்திருந்துதான் மிஸ் உரத்த குரலில் பேசியதைக் கேட்டேன். அதற்கு முன் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. கூடாரத்து மேசை முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சிங்களத்தில் சொன்னார்: "சேர், ஒன்பதாவது மணி உங்கள் சட்டைப்பையிலிருந்து ஜீப்பில் விழுந்திருக்கிறது. பார்வதி எடுக்கவில்லை. இன்னொன்று, இந்த மணிகள் அந்தத் தாழிக்குள் இருக்கவும் இல்லை."

மண்வெட்டிக்காரர்கள் குழிகளிலிருந்து ஏறி வந்தார்கள்.

"ஜீப்பில் யார் கண்டது?" என்று பெரியவர் கேட்டார்.

"டிரைவர்."

என்னைக் கூப்பிட்டார்கள். முகமெல்லாம் ஒயிலோடு வெளியே வந்தேன். சுற்றி நின்ற அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"நீயா எடுத்தாய்?"

எடுத்தாய் என்ற அந்தச் சொல்லே போதுமாக இருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது சேர்," என்றேன்.

மிஸ் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. குறித்துக்கொள்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

அந்த மாதமே மிஸ்ஸுக்கு மாற்றல் வந்தது. பார்வதியக்காவைத் திருப்பிக் கூப்பிடவில்லை. மணி கிடைத்தது என்றும், மிஸ் அவளுக்காகப் பரிந்து தானே எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்தாள் என்றும் முடிவாயிற்று. கடைசி நாளன்று மிஸ்ஸை நான்தான் மாத்தளை பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். அவர் பெட்டியையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கி, "நானா, வைப்பர் பிளேட் ரெண்டையும் மாத்துங்கோ. மழைக் காலம் வருது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சேர்த்த வார்த்தைகள் அப்படியே இருந்தன.

பல வருடம் கழித்து அவர் வவுனியாவில் இறந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். நான் அப்போது அரசாங்க வேலையை விட்டு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் தொல்பொருள் திணைக்களத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. இளம் பெண் குரல், சிங்களத்தில். பழைய அகழ்வுப் படங்களையெல்லாம் கழற்றி கணினியில் ஏற்றுகிறார்களாம், கண்காட்சி வைக்கிறார்களாம். பின்பக்கமெல்லாம் தமிழில் குறிப்பு இருக்கிறது, முக்கியமான ஆய்வுக் குறிப்புகள் என்று நினைக்கிறோம், எங்கள் தமிழ் உத்தியோகத்தரிடம் கொடுத்தோம், அவர் வாசித்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டார், பிறகு ஒரு படத்தில் நின்றுவிட்டு, இதை அந்தக் காலத்து டிரைவரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள் என்கிறார் என்றாள்.

போனேன். குளிரூட்டிய ஒரு அறை. எனக்கு வெள்ளைக் கையுறை மாட்டிவிட்டார்கள். நாலு திசையைத் தவிர வேறு எதுவும் சொல்லாத வாய் அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சிங்களத்தில் வாசித்துச் சொன்னது. மாடு கட்டிய இடத்துக்கு அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். குழிக்குள் படுத்திருந்த மாணவனைக் கண்டதும், "ஐயோ அங்கிள், இவர் எங்களுக்குப் படிப்பித்த பேராசிரியர்!" என்று கத்திவிட்டாள். கருகிய கல் படத்தை மட்டும் சிரிக்காமல் இரண்டு முறை வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

பிறகு அந்த மூன்று படங்களை எடுத்து வைத்தாள்.

முதல் படத்தில் பெரியவரின் கை சட்டைப்பையில் இருந்தது. பேனை எடுக்கிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 'பெரியவர் சட்டைப்பையிலிருந்து மணிகளை எடுக்கிறார்.' இரண்டாவது: 'தாழிக்குள் வைக்கிறார். தாழி வெறுமையாகக் கிடைத்தது. மணிகள் குளக்கட்டுக் குழி மண்ணைச் சலிக்கும்போது பார்வதி கண்டெடுத்தவை. பதிவேட்டைப் பார்க்கவும்.' மூன்றாவதை எடுத்தேன். வாசிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

"என்ன அங்கிள், எழுத்து அழிந்திருக்கிறதா?"

தென்மேற்கு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பொய் சொல்வதற்கு மிஞ்சியிருந்த காரணம் எதுவும் இல்லை. பிள்ளைகள் மூவரும் தலையெடுத்துவிட்டார்கள், வேலையும் போய்ப் பல காலம். இருந்தும் நாக்கு பழைய பக்கத்துக்கே போனது.

'ஒன்பதாவது மணி ஜீப்பின் முன் இருக்கையில் கிடைத்தது. கண்டெடுத்தவர் டிரைவர். இல்லை என்று சொல்லுவார். ஆளை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஆறுதலாகக் கேட்கவும்.'

"மகள்," என்றேன், "ஒரு தேத்தண்ணி கெடைக்குமா?"

கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பார்வதியக்காவை இறக்கிவிட்டதையும், ஜீப்புக்குக் கீழே படுத்ததையும், எனக்கு ஒன்றும் தெரியாது என்றதையும். அவள் எழுதி வாசித்துக் காட்டினாள். கையெழுத்துப் போட்டேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

அவள் நேர்மையான பெண். என் வாக்குமூலத்தின் பிரதியைப் பெரியவருக்கும் அனுப்பினாள். எண்பது தாண்டியும் நல்ல நினைவோடு இருக்கிறாராம். அவருடைய பதில் சுருக்கமாக வந்தது. மணிகளைத் தாழிக்குள் தன் கண்ணால் கண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நாள் நம்பியதை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? ஆனால் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தார்கள். மிஸ்ஸின் கையெழுத்தில், அமைச்சர் வருவதற்கு முதல் நாள் திகதியில், சல்லடையும் குழியும் பார்வதியின் பெயரும் இருந்தன. கண்காட்சியில் தாழியை ஒரு பெட்டியிலும் மணிகளை வேறொரு பெட்டியிலும் வைத்தார்கள்.

பார்வதியக்காவை அழைத்துவர முடியுமா என்று அந்தப் பெண் என்னிடம்தான் கேட்டாள். நாலந்தா சந்தியை நான் எத்தனையோ ஆயிரம் தடவை கடந்திருக்கிறேன். ஒருமுறைகூட உள்ளே திரும்பவில்லை.

மகளின் வீட்டு வாசலில் மிளகு காயவைத்துக் கிளறிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் நிமிர்ந்து, "ஜீப்பு எங்க?" என்றார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். மணி எனக்குத்தான் கிடைத்தது, கேட்டபோது தெரியாது என்றேன் என்று சொல்லி முடிக்கும் வரை மிளகைக் கிளறுவதை அவர் நிறுத்தவில்லை.

"கொக்கோ தோட்டத்துல என்னய எத்தன நாளக்கி மணித்திருடின்னு கூப்புட்டாங்க தெரியுமா?" என்றார். "என் மகள பொண்ணு பாக்க வந்தவங்ககூட அதத்தான் கேட்டாங்க."

"தப்புதான் அக்கா."

"தப்புன்னு எனக்குத் தெரியாதா?" மிளகுப் பாயின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "நடங்க," என்றார்.

கண்காட்சியில் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் மூக்கு படும்படி குனிந்து பார்த்தார். அடியில் விளக்குப் போட்டு, வெல்வெட்டுத் துணியில், ஒன்பது மணிகளும்.

"இத்தனூண்டுக்கா?" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் நின்ற பாடசாலைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "தம்புள்ள சந்தையில இதவிட நல்லது தட்டுல கெடக்குது!"

பெயர்ப் பலகையை வாசிக்கச் சொன்னார். 'மண்ணைச் சலிக்கும்போது கண்டெடுத்தவர்: பார்வதி' என்று வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், அந்த எழுத்துக்களில் எது தன் பெயர் என்று தேடுகிற மாதிரி. காட்டினேன்.

"மிஸ் மாத்தலாகிப் போறதுக்கு முந்தி எங்க லயத்து வீட்டுக்கு வந்தாங்க," என்றார். "பஸ்ஸுல வந்து, அந்தக் கொடயப் புடிச்சிக்கிட்டு மலையேறி. டிரைவர் நானா என்னைக்காவது சொல்லுவாரு பார்வதின்னாங்க. நான்தான் நம்பல."

"எப்பண்டு சொன்னாங்களா அக்கா?"

"அத மட்டும் சொல்லல." பார்வதியக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சொல்லியிருந்தா ஒங்க ரெண்டு பேரயும் சேத்து அன்னைக்கே ஏசியிருப்பேன்."

படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.